ஆள்கூற்றுத் தளத்தில் உருமாற்றங்கள்: வடிவவியலில் நகர்வு இடம்பிடித்த வரலாறு

ஆள்கூற்றுத் தளத்தில் வடிவவியல் உருமாற்றம் என்பது, தளத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு விதிப்படி வேறொரு புள்ளிக்குக் கொண்டுசெல்லும் செயல் ஆகும். பெயர்ச்சி, எதிரொளிப்பு, சுழற்சி, அளவுமாற்றம் ஆகிய நான்கும் இதன் அடிப்படை வகைகள். ஆள்கூறு என்னும் சொல்லுக்குப் பதிலாகத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஆயத்தொலைவு என்கின்றன, பொருள் ஒன்றே. இன்று நடுநிலைப்பள்ளி மாணவர் வரைபடத்தாளில் சில நிமிடங்களில் செய்து முடிக்கும் இந்தச் செயல், கணித வரலாற்றில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. வடிவங்கள் நகரலாமா, நகர்ந்த பின்னும் அவை அதே வடிவங்கள்தாமா என்பதே அந்த ஐயம்.

'''நான்கு உருமாற்றங்கள்'''

(1, 1), (4, 1), (1, 3) ஆகிய முனைகளைக் கொண்ட செங்கோண முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதன் செங்கோணப் பக்கங்கள் 3, 2 அலகுகள்; பரப்பளவு 3 சதுர அலகுகள்.

ஒவ்வொரு புள்ளியின் முதல் ஆள்கூற்றுடன் 5ஐயும் இரண்டாம் ஆள்கூற்றுடன் 2ஐயும் கூட்டினால் முக்கோணம் (6, 3), (9, 3), (6, 5) என்னும் இடத்துக்குப் பெயரும். இது பெயர்ச்சி. முதல் ஆள்கூற்றின் குறியை மட்டும் மாற்றினால் (−1, 1), (−4, 1), (−1, 3) கிடைக்கும். இது நிலைக்குத்து அச்சில் எதிரொளிப்பு. இதில் பக்க நீளங்கள் மாறுவதில்லை, ஆனால் முனைகளின் சுற்றுவரிசை தலைகீழாகிவிடும். இடஞ்சுழியாக இருந்த வரிசை வலஞ்சுழியாகும். இடக்கைக் கையுறை வலக்கைக் கையுறையாவது போன்ற மாற்றம் இது. தளத்துக்குள் தள்டியோ திருப்பியோ இதைச் செய்ய முடியாது, தாளைப் புரட்டியாக வேண்டும்.

ஆதிப்புள்ளியைப் பற்றி இடஞ்சுழியாக 90 பாகை சுழற்றினால் (அ, ஆ) என்னும் புள்ளி (−ஆ, அ) ஆகும். மேற்கண்ட முக்கோணம் (−1, 1), (−1, 4), (−3, 1) என மாறும். இரண்டு ஆள்கூறுகளையும் 2ஆல் பெருக்கினால் (2, 2), (8, 2), (2, 6) கிடைக்கும். பக்கங்கள் இரு மடங்காகின்றன, கோணங்கள் மாறவில்லை, பரப்பளவு மட்டும் 3இலிருந்து 12ஆக, அதாவது நான்கு மடங்காக உயர்கிறது. நீளம் இரட்டித்தால் பரப்பும் இரட்டிக்கும் என்று எண்ணுவது மாணவர்களிடையே மிகப் பரவலான பிழை.

உருமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்யும்போது வரிசை முக்கியம். (4, 1) என்னும் புள்ளியை முதலில் கிடை அச்சில் எதிரொளித்துப் பின் 90 பாகை சுழற்றினால் (1, 4) வரும். முதலில் சுழற்றிப் பின் எதிரொளித்தால் (−1, −4) வரும். எண்களைப் பெருக்கும்போது வரிசை பொருட்டில்லை என்று பழகிய மனத்துக்கு இது புதிது. கணித வரலாற்றிலும் இந்தப் புதுமை மிகத் தாமதமாகவே முழுக்கவனம் பெற்றது.

'''யூக்ளிடின் தயக்கம்'''

கி.மு. 300 அளவில் தொகுக்கப்பட்ட யூக்ளிடின் "மூலங்கள்" நூலின் முதல் புத்தகத்தில் நான்காம் கூற்று, இரண்டு பக்கங்களும் அவற்றின் இடைக்கோணமும் சமமாக உள்ள இரு முக்கோணங்கள் எல்லா வகையிலும் சமம் என்கிறது. இதன் நிறுவலில் யூக்ளிடு ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றொன்றின்மேல் வைக்கிறார். வைத்துப் பார்த்தால் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகின்றன. எனவே இரண்டும் சமம்.

வியப்பு என்னவென்றால், இந்த எளிய வழியை அவர் மிக அரிதாகவே பயன்படுத்துகிறார். முதல் புத்தகத்தில் எட்டாம் கூற்று, மூன்றாம் புத்தகத்தில் 24ஆம் கூற்று என விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களே உள்ளன. முதல் புத்தகத்தின் இரண்டாம் கூற்றிலேயே, தரப்பட்ட கோட்டுத்துண்டுக்குச் சமமான துண்டை வேறொரு புள்ளியிலிருந்து வரைய, அவர் ஒரு சமபக்க முக்கோணத்தையும் வட்டங்களையும் கொண்டு நீண்ட அமைப்பு ஒன்றைச் செய்கிறார். துண்டை எடுத்து அங்கே வைத்துவிடலாம் என்றால் அந்தக் கூற்றே தேவையில்லை. கணிதப் பொருள்கள் இயக்கம் அற்றவை என்னும் அரிசுட்டாட்டிலின் கருத்து பரவியிருந்த காலம் அது. நகர்த்தலை வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டவர் போலவே யூக்ளிடு தோன்றுகிறார்.

ஆனால் உருமாற்றம் அவரது நூலுக்குள் மறைந்தே இருக்கிறது. பைதாகரசு தேற்றத்துக்கு அவர் தரும் புகழ்பெற்ற நிறுவல் (முதல் புத்தகம், 47ஆம் கூற்று) இதற்குச் சிறந்த சான்று. அதில் சமம் எனக் காட்டப்படும் இரண்டு முக்கோணங்களும், பொது முனையைப் பற்றி ஒன்றை 90 பாகை சுழற்றினால் மற்றொன்றாகும்படி அமைந்தவை. அதையடுத்து, ஒரே அடியில் ஒரே இணைகோடுகளுக்கு இடையே உள்ள உருவங்களின் பரப்பைப் பற்றிய முடிவு பயன்படுகிறது. அது இன்றைய மொழியில் சறுக்கு உருமாற்றம்: (அ, ஆ) என்பது (அ + ஆ, ஆ) ஆவது போன்றது. நமது முக்கோணத்தை இப்படிச் சறுக்கினால் (2, 1), (5, 1), (4, 3) கிடைக்கும். வடிவம் சாய்ந்துவிடும், அடி 3, உயரம் 2, பரப்பு அதே 3. ஒரு சுழற்சி, இரு சறுக்குகள் என்று சொல்லிவிடக்கூடிய நிறுவலை, நகர்வு பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் யூக்ளிடு எழுதி முடித்திருக்கிறார்.

'''நகர்வுக்கு எதிர்ப்பு'''

11ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-ஹைதம் இணைகோட்டு எடுகோளை நிறுவ முயன்றபோது, ஒரு செங்குத்துத் துண்டை அதன் அடிமுனை நேர்கோட்டில் செல்லுமாறு நகர்த்தி, மேல்முனை வரையும் கோட்டைக் கருதினார். இதை ஓமர் கய்யாம் கடுமையாக மறுத்தார். வடிவவியலுக்கும் இயக்கத்துக்கும் என்ன உறவு, இயக்கம் என்று எதைக் கொள்வது என்பது அவரது கேள்வி. கவிஞராகவே பலரும் அறிந்த கய்யாம் தேர்ந்த கணிதவியலாளர். அவரது மறுப்பில் நியாயம் உண்டு. மேல்முனை வரைவது நேர்கோடுதான் என்று கொள்வதிலேயே நிறுவ வேண்டிய எடுகோள் ஒளிந்திருக்கிறது.

பிரான்சில் ழாக் பெலத்தியே, 1557இல் வெளியிட்ட யூக்ளிடு பதிப்பில், மேலே வைத்துப் பார்ப்பது கைவினைஞரின் வழியேயன்றி வடிவவியலின் வழி அன்று எனக் குறைகூறினார். இந்தக் குறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நீடித்தது. பெர்ட்ரண்டு ரசலும் யூக்ளிடின் இந்த நிறுவலை ஏற்கவில்லை. டேவிட் இல்பர்ட்டு 1899இல் வடிவவியலுக்குப் புதிய அடித்தளம் அமைத்தபோது, நான்காம் கூற்றின் சாரத்தை நிறுவ முயலாமல் எடுகோளாகவே வைத்துக்கொண்டார்.

'''ஆள்கூறுகளின் வருகை'''

நகர்வை எண்களால் எழுத முடியும் என்னும் வாய்ப்பு 17ஆம் நூற்றாண்டில் பிறந்தது. ரெனே டேக்கார்ட்டின் "வடிவவியல்" 1637இல் லைடன் நகரில் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் பியேர் டி பெர்மா தன் கையெழுத்துப்படியைச் சுற்றுக்கு விட்டார். அது அச்சேறியது அவர் இறந்த பின் 1679இல்தான். இவ்விருவரும் இன்றைய பாடநூலின் தளத்தைக் கண்டிருந்தனர் என்று எண்ணுவது தவறு. டேக்கார்ட்டின் நூலில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு நிலையான அச்சுகள் இல்லை. எதிர்ம ஆள்கூறுகளும் இல்லை. எதிர்ம எண்கள் இல்லாத தளத்தில் எதிரொளிப்பையும் சுழற்சியையும் விதியாக எழுதவே வழியில்லை. நான்கு கால்வட்டங்களையும் ஐசக் நியூட்டன் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். முப்படி வளைகோடுகள் பற்றிய அவரது ஆய்வு 1704இல் வெளிவந்தது.

லியோனார்டு ஆய்லர் 1748இல் வெளியிட்ட "முடிவிலிப் பகுப்பாய்வுக்கு அறிமுகம்" நூலின் இரண்டாம் தொகுதியில், அச்சுகளை மாற்றும்போது ஆள்கூறுகள் எப்படி மாறும் என்பதைச் சைன், கோசைன் கொண்டு எழுதினார். இன்று கோணம் தரப்பட்ட சுழற்சிக்குக் கற்பிக்கப்படும் வாய்பாடு இதுவே: புதிய முதல் ஆள்கூறு, அ பெருக்கல் கோசைன் கழித்தல் ஆ பெருக்கல் சைன், புதிய இரண்டாம் ஆள்கூறு, அ பெருக்கல் சைன் கூட்டல் ஆ பெருக்கல் கோசைன். ஆனால் ஆய்லர் உருவத்தைச் சுழற்றவில்லை. உருவம் அசையாமல் இருக்க, அச்சுகளே திரும்புகின்றன. ஒரே வாய்பாட்டுக்கு இரண்டு பொருள்கள்: மேசைமேல் உள்ள படத்தைத் திருப்புவது ஒன்று, மேசையைச் சுற்றி நடந்து வேறு பக்கத்திலிருந்து பார்ப்பது மற்றொன்று. இரண்டாவதில் எதுவும் நகரவில்லை என்பதால் கய்யாமும் குறை சொல்லியிருக்க முடியாது. கோணத்தின் குறி மட்டும் இரண்டிலும் எதிரெதிர். மாணவர் பலர் தவறுவது இங்கேதான்.

சுழற்சிக்கு இன்னும் சுருக்கமான வழியை ஒரு நில அளவையாளர் கண்டார். நார்வேயில் பிறந்து டென்மார்க்கில் பணியாற்றிய காசுப்பர் வெசல், சிக்கலெண்களைத் தளத்தின் திசைக்கோடுகளாகக் கருதும் கட்டுரையை 1797இல் கோப்பனாவன் அறிவியல் கழகத்தில் அளித்தார். அதன்படி, −1இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது 90 பாகை சுழற்றுவதாகும். (3, 2) என்னும் புள்ளி அப்படிப் பெருக்கப்பட்டு (−2, 3) ஆகிறது. மேலே கண்ட விதியேதான். டேனிய மொழியில் 1799இல் அச்சான அக்கட்டுரையை ஏறத்தாழ நூறாண்டுகள் எவரும் பொருட்படுத்தவில்லை. 1806இல் இதே கருத்தைத் தனியாக வெளியிட்ட ஆர்கண்டின் பெயரே நிலைத்தது.

'''உருமாற்றங்களின் வகைப்பாடு'''

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேள்வி மாறியது. இந்த உருவம் எங்கே போகிறது என்பதை விட்டு, எத்தனை வகை உருமாற்றங்கள் இருக்க முடியும் என்று கேட்கத் தொடங்கினர். ஆகசுட்டு மோபியசு 1827இல் வெளியிட்ட நூலில் உருவங்களுக்கு இடையிலான உறவுகளைச் சமம், வடிவொப்புமை, ஆய்லர் முன்பே பெயரிட்டிருந்த கேண்மை உறவு, நேர்கோடுகளை நேர்கோடுகளாகவே வைக்கும் உறவு என அடுக்கினார். மிசேல் சால், 1830 அளவில், விறைப்பான பொருள்களின் இடமாற்றங்களை ஆராய்ந்தார். தளத்தைப் பொறுத்தவரை கிடைத்த முடிவு எளிமையானது: தொலைவுகளை மாற்றாத உருமாற்றம் எதுவாயினும் அது பெயர்ச்சி, சுழற்சி, எதிரொளிப்பு, நழுவு எதிரொளிப்பு ஆகிய நான்கில் ஒன்றே. ஈரமணலில் நடந்தவரின் இடக்கால், வலக்கால் சுவடுகள் நான்காம் வகைக்கு எடுத்துக்காட்டு.

இதைவிட அழகான உண்மை, இவையனைத்தும் எதிரொளிப்பால் ஆனவை என்பது. இரண்டு இணைகோடுகளில் அடுத்தடுத்து எதிரொளித்தால், கோடுகளின் இடைத்தொலைவைப் போல் இருமடங்கு பெயர்ச்சி கிடைக்கும். வெட்டிக்கொள்ளும் இரு கோடுகளில் எதிரொளித்தால், இடைக்கோணத்தைப் போல் இருமடங்கு சுழற்சி கிடைக்கும். தொலைவு மாறாத எந்த உருமாற்றத்துக்கும் மூன்று எதிரொளிப்புகளுக்கு மேல் தேவைப்படுவதில்லை.

'''கிளைனும் ஏர்லாங்கன் திட்டமும்'''

பெலிக்சு கிளைன் 1849 ஏப்பிரல் 25இல் பிறந்தவர். 25, 4, 1849 மூன்றும் 5, 2, 43 என்னும் பகா எண்களின் வர்க்கங்கள் என்பது கணிதவியலாளர் விரும்பிச் சொல்லும் துணுக்கு. 1870இல் அவர் நார்வே நாட்டு நண்பர் சோபசு லீயுடன் பாரிசு சென்றார். அங்கே கமில் சோர்டானின் குலக் கோட்பாடு இருவரையும் ஈர்த்தது. சில மாதங்களில் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் போர் மூண்டது. கிளைன் நாடு திரும்பினார். இத்தாலிக்கு நடந்தே செல்லப் புறப்பட்ட லீ, பொந்தேன்புளோ அருகே கைதானார். அவரது கணிதக் குறிப்புகளைச் செருமானிய உளவாளியின் மறைகுறிகள் என ஐயுற்றனர். ஏறத்தாழ ஒரு மாதச் சிறைக்குப் பின் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தார்பூ தலையிட்டு அவரை மீட்டார்.

1872இல், 23ஆம் வயதில், ஏர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியராகிய கிளைன், பதவியேற்பையொட்டி ஒரு சிறுநூலை அச்சிட்டு வழங்கினார். ஏர்லாங்கன் திட்டம் எனப் பெயர்பெற்றது இதுவே. அவர் ஆற்றிய பதவியேற்பு உரை வேறு. அது கல்வி பற்றியது. இரண்டையும் ஒன்றாக எழுதுவோர் இன்றும் உண்டு.

திட்டத்தின் கருத்து சுருக்கமானது. ஒரு தொகுதியில் உள்ள இரண்டு உருமாற்றங்களை அடுத்தடுத்துச் செய்தால் கிடைப்பதும் அத்தொகுதியிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மீட்கும் எதிர் உருமாற்றமும் இருக்க வேண்டும். அத்தகைய தொகுதி குலம் எனப்படும். ஒரு குலத்தின் எல்லா உருமாற்றங்களாலும் மாறாமல் நிற்கும் பண்புகளை ஆராய்வதே ஒரு வடிவவியல். எந்தக் குலம் என்பதைச் சொன்னால் எந்த வடிவவியல் என்பது முடிவாகிவிடும்.

தொலைவு காக்கும் உருமாற்றங்களின் குலத்தில் நீளம், கோணம், பரப்பு யாவும் மாறாதவை. அளவுமாற்றத்தையும் சேர்த்தால் நீளம் போய்விடும், கோணமும் விகிதமும் நிற்கும். சறுக்கையும் சேர்த்துக் கேண்மைக் குலத்துக்குச் சென்றால் கோணமும் போய்விடும். இணைகோடு இணைகோடாகவும், நடுப்புள்ளி நடுப்புள்ளியாகவும் இருப்பது மட்டும் எஞ்சும். இக்குலத்தில் எந்த முக்கோணத்தையும் வேறெந்த முக்கோணமாகவும் மாற்றலாம்.

இதனால் கையில் கிடைக்கும் பயன் பெரிது. முக்கோணத்தின் மூன்று நடுக்கோடுகளும் ஒரு புள்ளியில் சந்திக்கும் என்னும் தேற்றத்தில் நடுப்புள்ளியும் நேர்கோடும் மட்டுமே வருகின்றன. இரண்டும் கேண்மை உருமாற்றத்தில் மாறாதவை. ஆகவே சமபக்க முக்கோணத்துக்கு மட்டும் நிறுவினால் போதும். அங்கே சமச்சீரைக் கொண்டே முடிவு வந்துவிடும். மூன்று செங்குத்துயரங்கள் ஒரு புள்ளியில் சந்திப்பதற்கு இந்தக் குறுக்குவழி உதவாது, ஏனெனில் செங்கோணம் சறுக்கில் அழிந்துவிடும். பக்கத்துப் பக்கத்தில் அச்சாகும் இரண்டு தேற்றங்கள் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்தவை என்பது இப்படித்தான் தெரியவருகிறது. கய்யாமின் கேள்விக்கும் இங்கே விடை உண்டு. எந்தப் பொருளும் காலத்தில் நகர்வதில்லை. புள்ளிக்குப் புள்ளி பொருத்தும் விதி மட்டுமே உள்ளது. பொருந்துதல் என்பதற்குக் குலத்தில் அப்படி ஒரு விதி இருக்கிறது என்பதே பொருள்.

சிறுநூல் வெளியானபோது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இத்தாலிய மொழிபெயர்ப்பு 1890இலும், பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அடுத்த ஆண்டிலும், ஆங்கில மொழிபெயர்ப்பு 1893இலும் வந்த பின்னரே அது பரவியது.

'''பள்ளிக்கூடத்தில்'''

கிளைன் பிற்காலத்தில் பள்ளிக் கணிதச் சீர்திருத்தத்தில் இறங்கினார். 1905ஆம் ஆண்டின் மெரான் பாடத்திட்டத்தில் அவர் செல்வாக்கு உண்டு. ஆயினும் பெரும்பாலான நாடுகளின் பள்ளிகளில் யூக்ளிடின் வரிசையே தொடர்ந்தது. திருப்பம் 1959இல், பிரான்சின் உருவாயோமோன் மடத்தில் நடந்த ஐரோப்பியக் கருத்தரங்கில் வந்தது. யூக்ளிடு ஒழிக என்னும் பொருள்பட அங்கே சான் தியூதொன்னே முழங்கியது உலகெங்கும் பேசப்பட்டது. 1961இல் இங்கிலாந்தில் தொடங்கிய பள்ளிக் கணிதத் திட்டம் எதிரொளிப்பு, சுழற்சி, அணிகள் ஆகியவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் காக்சுபோர்டும் உசிசுக்கினும் 1971இல் உருமாற்ற வழியிலான வடிவவியல் பாடநூலை வெளியிட்டனர்.

சோவியத் ஒன்றியத்தில் நடந்தது கவனத்துக்குரியது. அங்கே சீர்திருத்தத்தை முன்னின்று நடத்தியவர் ஆந்திரே கொல்மகோரொவ். 20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த கணிதவியலாளருள் ஒருவர். புள்ளிகளின் கணமாக ஓர் உருவம் தனக்கு மட்டுமே சமம், எனவே இரண்டு முக்கோணங்களைச் சமம் எனலாகாது, சர்வசமம் என்றே சொல்ல வேண்டும் என்றன புதிய நூல்கள். மேல்வகுப்பு நூலொன்று திசையனை வெளியின் ஓர் உருமாற்றம் என வரையறுத்தது. அம்புக்குறியாகத் திசையனைக் கண்ட மாணவருக்கு இது விளங்கவில்லை. பெரும் கணிதவியலாளரான பொந்திரியாகின் 1980இல் இந்த வரையறையை எடுத்துக்காட்டிப் பொதுவெளியில் கண்டித்தார். நூல்கள் மாற்றப்பட்டன, சமம் என்னும் பழைய சொல் திரும்பிவந்தது. கொல்மகோரொவின் கணிதத்தில் பிழையில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத் தெளிவு தருவது எது என்பதில்தான் கணக்கு தவறியது. இங்கிலாந்தில் வேறு விதமான இழப்பு நேர்ந்தது: அணிகளைப் பெருக்குவது செய்முறையாக நிலைபெற்றது, நிறுவும் பழக்கமோ பாடத்திலிருந்து பெரிதும் நழுவியது.

இருந்தும் கருத்து மறையவில்லை. அமெரிக்க மாநிலங்கள் பலவும் ஏற்ற 2010ஆம் ஆண்டின் பொதுப் பாடத்தரங்கள், சர்வசமத்தையே பெயர்ச்சி, சுழற்சி, எதிரொளிப்பு கொண்டு வரையறுக்கின்றன. மேலே வைத்துப் பார்த்தல், இம்முறை முறையான உரிமையோடு, திரும்பியது.

'''கணினித் திரையில்'''

1963இல் ஐவன் சதர்லாந்து மாசச்சூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கிய "இசுகெட்ச்பேடு" நிரலில், ஒளிப்பேனாவால் வரைந்த உருவத்தைத் திரையிலேயே நகர்த்தவும் சுழற்றவும் பெரிதாக்கவும் முடிந்தது. இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. சுழற்சி, எதிரொளிப்பு, அளவுமாற்றம் ஆகியவற்றை இரண்டு வரிசை, இரண்டு நிரல் கொண்ட அணியால் பெருக்கிப் பெறலாம். பெயர்ச்சியை அப்படிப் பெற முடியாது. எந்த அணியால் பெருக்கினாலும் ஆதிப்புள்ளி (0, 0) அங்கேயே இருக்கும். பெருக்கலும் கூட்டலும் மாறிமாறி வந்தால், பல உருமாற்றங்களை ஒரே அணியாகச் சுருக்க இயலாது.

வழி, (அ, ஆ) என்னும் புள்ளியை (அ, ஆ, 1) என மூன்று எண்களால் எழுதுவது. அப்போது மூன்றுக்கு மூன்று அணியின் கடைசி நிரலில் பெயர்ச்சி இடம்பெற்றுவிடும்; எல்லா உருமாற்றமும் பெருக்கலாகிவிடும். நூறு உருமாற்றங்களை முன்கூட்டியே பெருக்கி ஓரணியாக வைத்துக்கொண்டு, திரையின் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே தடவையில் பயன்படுத்தலாம். இந்த மூவெண் முறை ஒருபடித்தான ஆள்கூறுகள் எனப்படும். 1827ஆம் ஆண்டின் மோபியசு நூலில் பிறந்தது. அதைக் கணினி வரைகலைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர், அதே கழகத்தில் பயின்ற லாரன்சு இராபர்ட்சு. தொலைநோக்குப் படங்களுக்கான கணிதம் அவர் காலத்து நூல்களில் கிடைக்காததால், 19ஆம் நூற்றாண்டின் செருமானிய வடிவவியல் நூல்களுக்குத் திரும்பி, அங்கே கண்டதை அணிகளோடு இணைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.